துணியக்காவும் நாற்பத்திரண்டு கண்ணாடிகளும்

குழந்தைகளைப் பூ என்றும் பிஞ்சு என்றும் மேடையில் புகழ்கிறவர்களை ஒரே ஒரு நாள், பிற்பகல் மூன்றரை மணிக்கு, அந்தப் பள்ளிக்கூடத்து லேபுக்குள் கூட்டிவந்து நிறுத்த வேண்டும். மணியடித்ததும் ஏழாம் வகுப்புக்காரர்கள் போட்டுவிட்டு ஓடிய நாற்பத்திரண்டு தொடுதிரை டேப்லெட்களும் இரும்பு டிராலியில் குப்புறக் கிடக்கும். நிமிர்த்திப் பார்த்தால் குடலைப் புரட்டும். காய்ந்த மூக்குச்சளி, சாப்பிட்டுக் கழுவாத கையின் எண்ணெய், தலையைச் சொறிந்த விரல், புண்ணைக் கிள்ளிய நகம், எச்சில். எச்சில் என்றால் தும்மலில் தெறித்தது மட்டுமில்லை. முப்பத்தொன்றாம் நம்பர்க்காரன் பந்தயம் கட்டி ஒரு முழுப் பாடத்தையும் நாக்காலேயே தொட்டு முடித்தவன். கண்ணாடி அந்த நாக்கையும் விரல் என்றே எடுத்துக்கொண்டு, ‘அருமை, இப்படியே தொடர்ந்து முயற்சி செய்’ என்று பாராட்டி அனுப்பியது.

இதையெல்லாம் துடைப்பதுதான் அவள் வேலை. ரிஜிஸ்டரில் லேப் உதவியாளர் என்று இருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் துணியக்கா.

துடைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இந்தப் பள்ளிக்கு வரும் முன் பன்னிரண்டு வருஷம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தாள். லென்ஸைக் கோடு விழாமல் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பெட்டியில் வைக்கிற வேலை. கடை மூடியதும் இங்கே வந்து நின்றாள். பிரின்சிபால் அம்மா கேட்ட ஒரே கேள்வி, “கண்ணாடி தொடைக்கத் தெரியுமா?” தெரியும் என்றாள். மறுநாளே டிராலிச் சாவி கைக்கு வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து வந்து டேப்களைப் பொருத்திக் கொடுத்தவன் சொல்லிவிட்டுப் போனதும் ஒரே ஒரு வரிதான்: “எதையும் ஆஃப் பண்ணாதீங்கக்கா, சார்ஜ்ல மட்டும் போடுங்க. இருபது நிமிஷம் யாரும் தொடலைன்னா அதுவே மூடிக்கும்.”

அவள் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. நான்கு மார்க்கில் கணக்கில் போய்விட்டது. பின்னம் என்றாலே அவளுக்கு அப்போது கையும் ஓடாது, காலும் ஓடாது. அந்த நான்கு மார்க்கை அவள் இன்னும் மறக்கவில்லை. கண்ணாடிக் கடையில் கல்லாப் பக்கம் உட்கார வேண்டியவள் துணியோடு நின்றது அதனால்தான் என்பது அவள் கணக்கு. கணவன் சரக்கு வேன் ஓட்டுகிறவன்; வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். ஆகவே மகளைப் பற்றிய கவலை முழுக்க இவள் தலையில். மகள் இதே பள்ளியில், இதே ஏழாம் வகுப்பில், பதினேழாம் நம்பர். தன்னைக் கவிழ்த்த கணக்கு இவளையும் கவிழ்த்துவிடக் கூடாது. அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

டேப் வந்த பிறகு கணக்குப் பாடம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. தினமும் கடைசி இரண்டு மணி நேரம் கணக்கு. பிள்ளைகள் டேப்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டால் ஈடுபாடு இருக்கிறது என்று அர்த்தமாம். பெயருக்கு எதிரே பச்சை எரியும். தொடாமல் யோசித்துக்கொண்டிருந்தால் முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு. யோசிக்கிற பிள்ளைக்குச் சிவப்பு விளக்குப் போடுகிற பள்ளிக்கூடத்தை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. இந்த விளக்குகள் எல்லாம் பிரின்சிபால் அறையில் ஒரு பெரிய டிவியில் தெரியும். அந்த அம்மாள் வகுப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கணக்கு வாத்தியார் வாய் திறந்தால் பிள்ளைகள் தலையை நிமிர்த்திக் கேட்பார்கள். கேட்டால் விரல் நின்றுவிடும். விரல் நின்றால் டிவியில் சிவப்பு. உடனே பிரின்சிபால் அம்மா வாசலில் வந்து நின்று, உதட்டில் விரல் வைத்து, “உஷ், சார்” என்பார். இருபது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர், தன் வகுப்பிலேயே வாயை மூடிக்கொண்டு பின்சுவரில் சாய்ந்து நின்றார். பிள்ளைகள் அவருக்கு உஷ் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவருக்கு மிச்சம் விட்டுவைத்தது ஒரு சின்ன அறை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பட்டியல் வரும். அதில் சிவப்பாக இருப்பவர்கள் அடுத்த வாரம் முழுக்க, கணக்குக்கான இரண்டு மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் அந்த அறைக்குப் போக வேண்டும். கம்பெனிக்காரர்களின் தாளில் அவர்களுக்குப் பெயர், ‘மனித உதவி தேவைப்படுவோர்’. வியாதிக்காரர்களைத் தனியே பிரித்து வைக்கிற தோரணை. கக்கூஸுக்கு அடுத்த அறை, பத்துப் பெஞ்சு, ஒரு கரும்பலகை. ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, “சிவப்பு ரூம் நாறுது” என்று சிரிப்பார்கள். உஷ் சார் அங்கே மட்டும்தான் வாயைத் திறந்து பேசலாம்.

துணியக்காவுக்கு ஒன்று முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. டேப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தால் அன்றைக்கு விரல் எங்கெல்லாம் போனது என்று கறை காட்டிக் கொடுத்துவிடும். கணக்குப் போட்டவன் கண்ணாடி முழுக்க இழுத்திருப்பான், எழுதியிருப்பான், அழித்திருப்பான். ஆனால் அவள் கையில் வந்த நாற்பத்திரண்டில் முக்கால்வாசியில் ஒரே ஒரு கறைதான். வலது கீழ் மூலையில், ‘அடுத்தது’ என்ற பட்டன் இருக்கிற இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு, மொழுமொழுவென்று எண்ணெய் பிடித்த ஒரு வட்டம். மற்ற இடமெல்லாம் சுத்தம். இரண்டு மணி நேரமும் அந்த ஒரு மூலையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வட்டத்தைப் பார்க்கும்போது அவளுக்குச் சளியைவிட, எச்சிலைவிட அதிகமாக அருவருத்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. சீ என்று ஒரு துடை, அடுத்தது.

பதினேழை மட்டும் அவள் சாய்த்துப் பார்த்ததில்லை. அது மகளுடையது. எடுத்ததும் மடியில் வைத்துக்கொள்வாள். புதுத் துணியை நனைத்து, பிழிந்து, மூலையிலிருந்து தொடங்கி மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும், சில நாள் பத்து நிமிஷம்கூடத் துடைப்பாள். வகுப்பில் மகளைத் தொட்டுப் பேச முடியாது. பள்ளியில் அவள் அம்மா இல்லை, துணியக்கா. அந்தக் கண்ணாடியைத் துடைப்பதில்தான் அவளுக்கு மகளுக்குத் தலை வாரிவிட்ட நிறைவு.

அப்படியிருக்க, டேப் வந்த இரண்டாம் மாதத் தரவரிசையில் பதினேழு முதலிடம். மூன்றாம் மாதமும் அதுவே. லேப் சுவரில் மகளுடைய போட்டோ ஏறியது. கீழே பெரிய எழுத்தில், ‘விடாமுயற்சி நட்சத்திரம்’. துணியக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. டிராலிக்குப் பின்னால் நின்று, கையிலிருந்த அழுக்குத் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்கு மார்க்கை மகள் வட்டியோடு மீட்டுக் கொடுத்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டாள். அழுக்குத் துணி கண்ணில் பட்டதில் இரண்டு நாள் கண் சிவந்திருந்தது.

பிறகு அந்தத் தாள் வந்தது. முதல் ஐந்து இடத்துக்காரர்கள் வேக அணிக்குப் போகிறார்கள். தனி ஹால், காதில் ஹெட்போன், இந்த வருஷமே அடுத்த வருஷக் கணக்கை முடித்துவிடுவார்கள். வாத்தியார் கிடையாது; இனி ஒருபோதும் தேவையும் படாது என்று தாளில் போட்டிருந்தது. பெற்றோர் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அதை நாலாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கணவன் வந்ததும் காட்டிவிட்டுப் போடலாம் என்று அலமாரியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய போர்வை ஒன்றைத் துடைக்கிற துணிக்காகக் கிழித்துக்கொண்டிருந்தாள். மகள் எதிரே உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்திருந்தாள். போர்வையை நாலாக மடித்து ஒரு பங்கைக் கிழித்து எடுத்தவள், பெருமையில் சும்மா ஒரு வார்த்தை கேட்டாள்.

“மிச்சம் எவ்வளவுடி இருக்கு?”

“முக்கால்.”

“அந்த முக்கால்ல பாதி எவ்வளவு?”

மகள் போர்வையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அவளுடைய வலது கட்டைவிரல் போர்வையின் கீழ் மூலையைப் போய் அமுக்கியது. விட்டுவிட்டு மறுபடி அமுக்கியது.

“என்னடி பண்ற?”

“ஒண்ணுமில்லையே.”

“விரல் என்ன பண்ணுது?”

மகள் குனிந்து தன் விரலைப் பார்த்தாள். சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “பதில் தெரியாம ரெண்டு தடவை அங்க அமுக்கினா டேப்பே சொல்லிடும்மா. அந்தப் பழக்கம்.”

“எது சொல்லும்? போர்வையா?”

சிரிப்பதற்காகத்தான் கேட்டாள். ஆனால் மகள் சிரிக்கவில்லை, இவளாலும் முடியவில்லை. அந்த விரலைப் பார்த்த கணத்தில் அத்தனை கண்ணாடிகளின் எண்ணெய் வட்டமும் அவள் கண்முன் வந்து நின்றது.

“நீதான் முதல் நட்சத்திரமாச்சே. அதெல்லாம் எப்படி வந்துச்சு?”

“நான் ஒண்ணும் பண்ணலம்மா.” மகளின் குரல் இறங்கிவிட்டது. “ஒரு நாளைக்கு ஒன்பது பத்து கணக்குதான் தாண்டுவேன். மறுநாள் வந்து தொறந்தா அது நாப்பது அம்பது தாண்டி நிக்கும். எல்லாருக்குமே ரெண்டு மூணு தானா போகும். எனக்கு மட்டும் ரொம்ப போகும். கம்ப்யூட்டர் அப்படித்தான் போலன்னு நெனச்சேன்.”

“ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“போட்டோ மாட்டினப்போ நீ அழுதியே.”

துணியக்கா மீதிப் போர்வையைக் கிழிக்காமல் சுருட்டி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மூன்றரை மணி. பிள்ளைகள் ஓடியதும் கதவைச் சாத்திக்கொண்டு பதினேழை எடுத்தாள். இத்தனை மாதத்தில் முதல் முறையாக, கறையைப் பார்க்காமல் கண்ணாடிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாடம் மூடவில்லை. இருபது நிமிஷம் தொடாமல் இருந்தால்தானே மூடும். இவள்தான் மணியடித்த கையோடு தொடத் தொடங்கிவிடுகிறாளே. ஈரத் துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். நாலு விடைகளில் ஒன்று கறுத்தது. தவறு என்றது. துணி திரும்பி வந்தது. தவறு என்றது. மூன்றாவது இழுப்பில் சரி விழுந்தது. உடனே திரையில் ஒரு நட்சத்திரம் குதித்து வந்து, ‘தோற்றாலும் துவளவில்லை! விடாமுயற்சிக்கு ஒரு நட்சத்திரம்!’ என்றது. துணி மூலைக்குப் போனதும் ‘அடுத்தது’ அமுங்கியது. அடுத்த கணக்கு வந்து நின்றது.

துணியக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவரிலிருந்த மகள் போட்டோவைப் பார்த்தாள். கையிலிருந்த கந்தலைப் பார்த்தாள். இரண்டு மாதமாக முதலிடம் வாங்கியது இந்தக் கந்தல். பத்தாம் வகுப்பில் கணக்கில் போனவளின் கையும், பழைய போர்வையின் ஒரு துண்டும் சேர்ந்து பள்ளிக்கே நட்சத்திரம். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு படிப்பு, இதற்கு ஒரு பட்டியல், அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்ட ஒரு பசை. எல்லாவற்றையும்விடத் தன்மேல்தான் அவளுக்கு அதிகக் குமட்டல். மகளின் கண்ணாடி என்று ஆசை ஆசையாகத் துடைத்துத் துடைத்து, மகளுக்குப் புரியாத கணக்குக்கு மேல் புரியாத கணக்காக அவளைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறாள். இன்னும் நாலு நாளில் வாத்தியாரே இல்லாத ஹாலுக்குள் தள்ளிவிட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருப்பாள்.

மறுநாள் பிரின்சிபால் அறைக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது வேலை போய்விடும் என்றே நினைத்தாள். அந்த அம்மாள் கேட்டு முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல மேடம்.”

“மத்த டேப்பும் இதே மாதிரிதான் தொடைக்கிறீங்களா?”

“மத்தது ஒரு இழுப்புதான். பதினேழுக்கு மட்டும்தான் ரொம்ப நேரம்.”

பிரின்சிபால் அம்மா கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். பிறகு வாய் கூசாமல் சொன்னார். “அப்போ இனிமே எல்லாத்தையும் நல்லா தொடைங்க. ஒரு பிள்ளைக்கு மட்டும் செஞ்சா அது தப்பு. எல்லாருக்கும் செஞ்சா அது பராமரிப்பு.”

“பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரியல மேடம். என் பொண்ணுக்கு முக்கால்ல பாதி தெரியல.”

“தெரியுதா தெரியலையாங்கிறது ரிப்போர்ட்ல வராதும்மா. பச்சை வரும், சிவப்பு வரும். இருபத்தாறாம் தேதி கம்பெனிக்காரங்க வர்றாங்க. நம்ம பச்சையப் பாத்துதான் மத்த வகுப்புக்கும் டேப் தரப்போறாங்க. அப்புறம் உங்க வேலையும் நிரந்தரம்.”

வெளியே வந்ததும் அவள் குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். சளியும் எச்சிலும் துடைத்து முடித்த நாட்களில்கூட அப்படிக் கழுவியதில்லை. இரண்டாம் முறையும் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளில் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தாள். அதோடு பதினேழை முறையாக மூடக் கற்றுக்கொண்டாள். மேல் மூலையை அமுக்கினால், ‘வெளியேற வேண்டுமா?’ என்று கேட்கும். ஆம் என்றால், ‘நிச்சயமாகவா?’ என்று இன்னொரு தரம் கேட்கும். பிறகு அரை நிமிஷம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாப்பிள்ளை வீட்டு முறுக்கு. அது அணைந்த பிறகே துணியை வைத்தாள்.

மற்ற நாற்பத்தொன்று? பிரின்சிபால் சொன்னபடிதான். பராமரிப்பு. குறுக்கும் நெடுக்கும், மேலும் கீழும். நட்சத்திரம் நட்சத்திரமாகக் குதித்தது. தன் பிள்ளையை மட்டும் கரையேற்றிவிட்டு ஊரார் பிள்ளையை ஆற்றில் தள்ளுகிற கை இது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் துடைத்தாள். வேலை வேண்டும் அல்லவா.

அடுத்த வெள்ளிக்கிழமை, மற்றவர்களையெல்லாம் துணி தள்ளி ஏற்றிவிட்டதில், பதினேழு சிவப்பு. சுவரிலிருந்து போட்டோ இறங்கியது. மகள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கக்கூஸ் பக்கத்து அறைக்குப் போனபோது வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. முதல் நாள் அழுதுகொண்டு வந்தாள். மூன்றாம் நாள் பாவாடையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்தாள். நாலாம் நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அம்மா, எட்டுல மூணு” என்றாள்.

“என்னடி எட்டுல மூணு?”

“முக்கால்ல பாதி. அன்னைக்கு கேட்டியே. போர்வைய எடு, காட்டுறேன்.”

சுருட்டி வைத்திருந்த போர்வையை எடுத்து விரித்தார்கள். மகள் மடித்துக் காட்டினாள். துணியக்கா தன் முப்பத்தெட்டாவது வயதில், கணக்கில் போய் இருபத்திரண்டு வருஷம் கழித்து, முக்காலில் பாதி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாள். “அந்த உஷ் சார் நல்லாவா சொல்லிக் குடுக்குறாரு?” என்று மட்டும் கேட்டாள்.

“நல்லா திட்டுறாரும்மா. தப்பா போட்டா மறுபடி போடச் சொல்லி பக்கத்துலயே நிக்கிறாரு.”

பதினேழின் கண்ணாடியும் மாறிவிட்டது. இரண்டாவது மணி நேரத்தில் மகள் டேப்பில் வேலை செய்யும்போது விரலால் எழுதினாள், அடித்தாள், கோடு கிழித்துப் பங்கு பிரித்தாள். ஜன்னலுக்குச் சாய்த்தால் மூலை முடுக்கெல்லாம் அழுக்கு. மூலையில் வட்டம் மட்டும் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அழுக்கைத் துடைக்கத் துணியக்காவுக்கு மனசு வரவில்லை.

இதற்குள் துணியின் தயவில் முதலிடத்துக்குப் பதினெட்டு வந்துவிட்டது. பதினெட்டு, மகளின் பக்கத்து இருக்கைக்காரி, உயிர்த்தோழி. அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. அந்தம்மாள் வேக அணித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு லேபுக்கும் வந்தாள். வெந்நீரில் ஊறிச் சுருங்கிய கைகளால் துணியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க பொண்ணு இருந்த எடத்துக்கு எம்பொண்ணு வந்துட்டா. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கக்கா. அது ராப்பகலா படிக்குது போல. வீட்டுல ஒண்ணும் சொல்றதில்ல.”

துணியக்கா தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து மூடிக்கொண்டாள். அந்தம்மாள் போன பிறகும் கையில் அந்தச் சூடு இருந்துகொண்டே இருந்தது.

இருபத்தைந்தாம் தேதி மாலை, டிராலியைப் பூட்டும் முன் மகள் லேப் வாசலுக்கு வந்தாள். பள்ளியில் அவள் அம்மா என்று கூப்பிடுவதில்லை. அன்று கூப்பிட்டாள்.

“அம்மா, பதினெட்டையும் அப்படி தொடைக்காத. அவளுக்கும் ஒண்ணும் தெரியல. அந்த ஹாலுக்குள்ள ஹெட்போன மாட்டிக்கிட்டு தூங்குறா. வெளிய வந்து அழுவுறா.”

“பிரின்சிபால் சொல்லியிருக்காங்கடி.”

“என்னோடத மட்டும் மூடிட்டு தொடைக்கிறியே. அதுவும் பிரின்சிபால் சொன்னாங்களா?”

கன்னத்தில் அறைந்திருந்தாலும் அவ்வளவு எரிந்திருக்காது. துணியக்கா பதினெட்டை எடுத்து மூடினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகத்தான். பிறகு பத்தொன்பது கண்ணில் பட்டது. அதற்கும் ஒரு அம்மா இருப்பாள். இருபது, இருபத்தொன்று. நாக்குப் பயல் முப்பத்தொன்று. ஒவ்வொன்றாக நாற்பத்திரண்டையும் மூடினாள். மகள் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் துணியைத் தொடவே இல்லை. அன்றைய சளி, எச்சில், எண்ணெய் எல்லாவற்றையும் அப்படியே வைத்து டிராலியைப் பூட்டினாள்.

மறுநாள் கம்பெனிக்காரர் வந்தார். தேய்த்த சட்டை, கழுத்தில் அட்டை, வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் பிரின்சிபால் அம்மா, அதற்கும் பின்னால் வேக அணியின் பெற்றோர் ஐந்து பேர். சலவைக்காரம்மாள் நல்ல துணி உடுத்தி, தலையை அழுந்த வாரி, முன்வரிசையில் நின்றாள். “இது வெறும் கருவி இல்லை. பிள்ளைகளின் ஆர்வத்தை நாம் கண்ணால் பார்க்க முடிகிறது” என்று சொல்லிக்கொண்டே அவர் டிராலியிலிருந்து கைக்கு வந்த ஒன்றை எடுத்தார். எடுத்தவர் முகம் கோணியது. விரலில் ஏதோ ஒட்டியது.

“சீ. என்ன இது?”

பிரின்சிபால் அம்மாவின் கண்கள் துணியக்காவைச் சுட்டன. “தொடைக்கலையா?”

“இல்ல மேடம். சார் ஆர்வத்தக் கண்ணால பாக்கணும்னாரே.” அவள் அவர் கையிலிருந்து டேப்பை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். “பாருங்க சார். ரெண்டு மணி நேரம் படிச்சிருக்கு. தொட்டது இந்த ஒரு எடம்.”

அடுத்ததை எடுத்தாள். அதே வட்டம். அதற்கடுத்தது. அதே வட்டம். நாலைந்து டேப்பை ஜன்னல் திட்டில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள். கம்பெனிக்காரர் குனிந்து அக்கறையாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து, “நல்ல தகவல். அந்த பட்டன ஒரே எடத்துல வைக்காம மாத்தி மாத்தி வச்சிடலாம். கறை பரவலா விழும்” என்று சொல்லி, குறித்துக்கொள்ளப் பேனாவையும் எடுத்தார்.

துணியக்காவுக்குக் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. அதையும் நாளைக்குத் துடைக்க வேண்டியவள் அவளே என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

சலவைக்காரம்மாள் முன்னால் வந்தாள். “எம்பொண்ணோடது எதுங்கக்கா?”

துணியக்கா பதினெட்டை எடுத்துக் கொடுத்தாள். அந்தம்மாளுக்கு யாரும் ஜன்னலைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. ரத்தக்கறைக்கும் மருந்துக்கறைக்கும் ஒரு பார்வையில் வித்தியாசம் சொல்கிறவள். வெளிச்சத்தில் பிடித்தாள். வட்டத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். மகளின் விரல் அளவுதான்.

“இவ்வளவுதானா?”

அவள் பக்கத்திலிருந்த பதினேழையும் எடுத்துச் சாய்த்தாள். கண்ணாடி முழுக்கக் கோடும் கிறுக்கலும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது யாரோடது?”

“எம்பொண்ணோடது. அவ இப்போ சிவப்பு.”

பிரின்சிபால் அம்மா, “வாங்க, எல்லாரும் ஹாலுக்குப் போகலாம்” என்று கையை நீட்டி அழைத்தார். கம்பெனிக்காரர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு முன்னே நடந்தார். சலவைக்காரம்மாள் நகரவில்லை. பதினெட்டைத் திட்டில் வைத்தாள். நல்ல துணியிலேயே கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, அந்தச் சிவப்பு ரூம் எங்க இருக்கு?”

“கக்கூஸுக்கு அடுத்தது” என்றாள் துணியக்கா. “மூக்கப் பொத்திக்கிட்டு வாங்க, காட்டுறேன்.”